எக்ஸ்ரேயில் தெரியாத பூஞ்சை

நேயர்களுக்கு வணக்கம். ஈரச் சுவரில் பூசணம் பூத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்பதும் அத்தகையதொரு பூஞ்சைதான். 1729ஆம் ஆண்டில் அதை விவரித்த மிக்கேலி என்ற பாதிரியார், அதன் தலை புனித நீர் தெளிக்கும் கருவியைப் போலத் தெரிந்ததால், அக்கருவியின் லத்தீன் பெயரையே அதற்குச் சூட்டினார். அதன் வித்துகளை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நம் வெள்ளணுக்கள் அவற்றை அழித்துவிடுகின்றன.

அந்த வெள்ளணுக்களே இல்லாதவர்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். இரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்று, அதனால் வெள்ளணுக்களை இழந்திருந்த ஓர் இளைஞருக்கு, ஆன்டிபயாடிக் மருந்துகளை ஐந்து நாள் ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. இருமல் இல்லை, சளி இல்லை, எக்ஸ்ரேயும் தெளிவாகவே இருந்தது. மூச்சை இழுக்கும்போது வலப்பக்கம் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அன்று மாலையே சி.டி. ஸ்கேன் எடுத்தோம். கோலிக்குண்டு அளவில் ஒரு முடிச்சும், அதைச் சுற்றி, நிலா கோட்டை கட்டியதைப் போல மங்கலான ஒரு வளையமும் தெரிந்தன. பூஞ்சை இரத்தக் குழாயைத் துளைத்ததால் சுற்றிலும் கசிந்த இரத்தமே அந்த வளையம்; சில நாள் தாமதித்திருந்தால் அது மறைந்தே போயிருக்கக்கூடும். மூன்று வாரம் கழித்து, வெள்ளணுக்கள் திரும்பியபின், அதே முடிச்சின் ஓரத்தில் பிறைநிலா வடிவில் காற்று தெரிந்தது. அவர் தேறிவருகிறார் என்பதற்கு அது நல்ல அடையாளம்.

சீழும் கெட்டியான சளியும் பெரும்பாலும் வெள்ளணுக்களால் உண்டாகின்றன; அவை இல்லாத உடலில் அந்த அறிகுறிகளை எதிர்பார்த்துக் காத்திருப்பது பிழை. மீண்டும் சொல்கிறேன்: எதிர்ப்பாற்றல் குன்றியவரிடம் சளி இல்லை என்பது தொற்று இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலும் இப்பூஞ்சை அதில் அநேகமாக வளர்வதில்லை. ஆகவே, அதன் செல்சுவரிலிருந்து உதிரும் காலக்டோமன்னன் என்ற சர்க்கரைப் பொருளை இரத்தத்திலும், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் கழுவி எடுத்த நீரிலும் தேடுகிறோம். தடுப்பு மருந்தாகப் பூஞ்சைக்கொல்லியை ஏற்கெனவே உட்கொண்டுவருபவர்களிடம் இரத்தச் சோதனை ஏமாற்றக்கூடும். நுரையீரலைக் கழுவிய நீர் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

இத்தகையவர்களைத் தாக்கும் மியூகர் என்ற வேறொரு பூஞ்சையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. காலக்டோமன்னன் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆஸ்பர்ஜில்லஸுக்குத் தரும் வோரிகோனசோல் என்ற மருந்து அதற்குப் பயன்படாது. எனவே அந்த ஐயம் எழுந்தால், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் போதிய அளவில் இருக்கும்போது, திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.