அடுப்புக்குச் சல்லடை, ஃபேன், தகடு வாங்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "விறகடுப்புக்கு அடியில் போடுகிற இரும்புச் சல்லடை, வாயில் வைக்கிற சின்ன ஃபேன், பானையைச் சுற்றி வைக்கிற தகடு, மூன்றும் சேர்த்து விற்கிறார்கள். விறகு பாதியாகக் குறையுமாம். வாங்கலாமா தம்பி?"

அம்மா, பாதி என்றால் எந்த அடுப்புக்குப் பாதி என்று கேளுங்கள். மூன்று கல் அடுப்பில், விறகு தருகிற சூட்டில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்குதான் பானைக்குப் போகிறது. 5 லிட்டர் தண்ணீர் கொதிக்கவே முக்கால் கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். அங்கே எதைச் செய்தாலும் பலன் தெரியும். உங்கள் வீட்டில் இருப்பது கொடியடுப்பு என்றால், முதல் பானைக்குத் தப்பின சூட்டைப் பக்கத்துப் பானை ஏற்கெனவே பிடித்துக்கொள்கிறது. அதில் அவ்வளவு மிச்சம் வராது.

சல்லடை நல்லதுதான். அடியிலிருந்து காற்று ஏறும், கங்கு முழுதாக எரிந்து தீரும். சாம்பலைத் தினமும் தட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். மூன்றில் எனக்குப் பிடித்தது தகடு. பக்கவாட்டில் ஓடிப்போகிற சூட்டைப் பானையோடு உரச வைக்கிறது. இடைவெளி ஒரு சென்டிமீட்டர், சுண்டுவிரல் நுழைகிற அளவு இருந்தால் போதும். ஆனால் உலைப்பானைக்கு வாங்கின தகடு குழம்புச் சட்டிக்குப் பொருந்தாது. விற்கிறவர் அதைச் சொல்ல மாட்டார்.

ஃபேன் நானும் ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். முதல் நாள் தீ ஜோராக எழும்பியது, சாம்பலும் எழும்பி ரசத்தில் விழுந்தது. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊதுகுழலுக்கும் கரண்டு பில்லா மாப்பிள்ளை?" என்றார். மூன்றாவது வாரம் ஒயர் உருகிவிட்டது. ஃபேனுக்கென்றே கட்டின அடுப்புகள் உண்டு. அதில் மேல்பக்கத்துச் சின்னத் துளைகள் வழியாகக் காற்று பாய்ந்து புகையையே எரிக்கும், பலன் உண்மையாகவே பெரிது. சாதா அடுப்பு வாயில் ஃபேனைக் கொண்டுபோய் வைத்தால், தேவைக்கு மேல் புகுந்த காற்று சூட்டையும் தூக்கிக்கொண்டு போய்விடும்.

புகை என்றதும் என் பழைய பல்லவி வந்துவிட்டது, வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள். புகை என்பது எரியாமல் போன விறகு. ஒரு கிலோ பச்சை விறகில் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. உங்கள் உலை கொதிக்கும் முன் அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டும். அதுவரை தீ குளிர்ந்துதான் கிடக்கும், புகைந்துகொண்டுதான் இருக்கும். இதற்கு எந்தத் தகடும் மருந்தில்லை. எங்கள் அப்பாயி வேலிக்கருவையைச் சித்திரை வெயிலில் காயப்போட்டு, இறவாரத்துக்கு அடியில் அடுக்குவார். எடுக்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். 'ணங்'கென்றால் அடுப்புக்கு, 'தொப்'பென்றால் திரும்ப வெயிலுக்கு. மழைக்காலத்தில்கூட அவர் கண் கசக்கி நான் பார்த்ததில்லை.

ஆக, நீங்கள் தகடு வாங்கலாம், சல்லடையும் வாங்கலாம், ஃபேன் வேண்டாம். அதற்கும் முன்னால் நான் ஒன்று கேட்கிறேன், இதை நீங்கள் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். உங்கள் அடுப்பில் குமிழ் எவ்வளவு உயரம்? பானை உட்காருகிற அந்த மூன்று மண் உருண்டைதான். ரொம்ப உயரமாக இருந்தால் தீ வெளியே நழுவிவிடும். தாழ்ந்திருந்தால் மூச்சு முட்டி, அடுப்பு வாய் வழியாகவே புகை திரும்பி வரும். வருடக்கணக்காக மண்ணும் சாணியும் போட்டு மெழுக மெழுக மேடை ஏறி, குமிழ் அமுங்கிவிடுகிறது. போன மாதம் ஒரு வீட்டில் அரை விரல்கூட இல்லை. அந்த வீட்டுக்காரர் புகைபோக்கி வைக்க விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் களிமண் குழைக்கச் சொன்னேன்.

நாளைக்கு அடுப்பு ஆறினதும் ஒரு ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள் அம்மா. பானை அடியின் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள்.