மாசி பங்குனியில் ஏரிக்கரை

நேயர்களுக்கு வணக்கம். மாசி பிறந்ததும் நம் ஏரிகளில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கிவிடும். பாரூர் பெரிய ஏரியானாலும், 52 அடி கிருஷ்ணகிரி அணையானாலும், வாரத்துக்கு வாரம் கரையோரம் வேறாகத் தெரியும். ‘யாரோ எதையோ கலந்துவிட்டார்கள்’ என்ற பேச்சும் அப்போதுதான் கிளம்பும். தென்பெண்ணையில் வரும் கழிவைப் பார்த்தவர்கள் அப்படிச் சந்தேகிப்பது நியாயமே. ஆனாலும் வெயில் செய்கிற வேலையை நாம் பிரித்தறிய வேண்டும்.

அதிகம் பதற வைப்பது மீன் சாவு. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். தண்ணீர் குறைந்து சூடேறும்போது பாசி பெருகும். அது பகலில் ஆக்சிஜனைத் தரும். இரவில் தானும் சுவாசித்துச் செலவழிக்கும். அதனால்தான் விடியும் முன் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கட்லாவும் ரோகுவும் முதலில் சாகும். ஜிலேபி கெண்டை தாக்குப்பிடிக்கும். திடீர்க் கோடை மழை அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் ஒரே காலையில் மீன்கள் குவியலாக ஒதுங்குவதும் உண்டு. நஞ்சு விழுந்திருந்தால் அது விடியலுக்குக் காத்திருக்காது. பெரும்பாலும் தவளையும் நத்தையும் சேர்ந்தே சாகும்.

நுரையிலும் இரண்டு வகை உண்டு. மட்கிய இலை, பாசியின் சாறு கலந்த தண்ணீரைக் காற்று அடித்துக் கரையில் ஒதுக்கும்போது வரும் நுரை பழுப்பேறி, மண் வாசனையோ மீன் வாசனையோ வீசும். வெள்ளைவெளேரென்று எழுந்து சோப்பு மணம் வீசினால் அது வேறு கதை. உடனே அதிகாரிகளிடம் சொல்லுங்கள்.

காய்ந்த சேற்றில் தட்டு அளவில் வட்டக் குழிகள் வரிசையாகத் தெரியும். மணல் திருடியவர்கள் தோண்டியவை அல்ல அவை. ஆண் ஜிலேபி மீன், தண்ணீர் இருந்தபோது வாயால் சேற்றை அள்ளிப் பறித்த கூடுகள்! எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். பக்கத்தில் படியும் வெண்மை, ஈரம் மேலேறி ஆவியாகும்போது விட்டுச்சென்ற உப்பு.

மாடு மேய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் கரையோரம் ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப்பாசி. தானாக வளர்வதுதான், ஆனால் அதில் சில வகைகள் நஞ்சு சுரக்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தக் கரையில்தான் ஏடு சேரும். ஏடில்லாத தெளிந்த தண்ணீரிலும் நஞ்சு கலந்திருக்கலாம் என்பதால், மாட்டுக்கு வேறு இடத்துத் தண்ணீரைக் காட்டுங்கள். வேறு வழியே இல்லையென்றால் மட்டும் ஏடில்லாத எதிர்க்கரைக்கு ஓட்டிச் செல்லுங்கள்.