509 ரூபா கப்பும் ரூமியோட கல்யாண ராத்திரியும்

வணக்கம் மக்களே. இன்னைக்கு டீ கண்ணாடி கிளாஸ்லதான். ரூமி, அதான் 13ஆம் நூற்றாண்டுல பாரசீகத்துல எழுதின சூஃபிக் கவிஞர் (சூஃபின்னா இஸ்லாமிய ஞானி), அவர் படம் போட்ட கப்பு ஆர்டர் பண்ணியிருக்கேன்னு போன வீடியோல குதிச்சேன்ல, அது வந்துச்சு. 449 ரூபா, டெலிவரி 60, ஆக 509. ரெண்டு தடவை கழுவினதுல ரூமிக்குத் தாடி போயிருச்சு! திருப்பி எடுத்துக்கோங்கன்னா, கழுவின பொருளை எடுக்க மாட்டாங்களாம். கழுவாம எப்படிங்க டீ குடிக்கிறது?

தாடி போனாப் போகுது. அதுல இருக்கிற வரிதான் எனக்குக் கடுப்பு. காதல், இதயம், ரோஜா... எப்பப் பாத்தாலும் இதேதான். அந்த மனுஷன் சாவைப் பத்தி எழுதினதை எவனாவது கப்புல போடுறானா?

அவரோட 'திவானே ஷம்ஸ்'ங்கிற கவிதைத் தொகுப்புல ஒரு கஜல் இருக்கு. என் சவப்பெட்டி போற அன்னைக்கு, உலகத்தை விட்டுப் போறேனேன்னு எனக்கு வலிக்கும்னு நினைக்காதே, 'பிரிஞ்சுட்டானே'ன்னு அழாதே, எனக்கு அது சந்திப்புங்கிறாரு. சூரியனும் நிலாவும் மறையுறதால அதுக்கு என்ன நஷ்டம்? மண்ணுக்குள்ள போன எந்த விதை முளைக்கல, மனுஷ விதையில மட்டும் உனக்கென்ன சந்தேகம்? இந்த இடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டு மொட்டைமாடிக்குப் போயிட்டேன்.

ரூமி 1273 டிசம்பர் 17, இப்போ துருக்கியில இருக்கிற கொன்யாவுல இறந்தார். அந்த ராத்திரிக்குப் பேரே 'ஷபே அரூஸ்', கல்யாண ராத்திரி! ரூமி வழியில வந்த சூஃபிங்கதான் சுத்தி ஆடுற தர்வேஷ்கள். அவங்க உடுப்புல வெள்ளைப் பாவாடைக்கு அர்த்தம் கஃபன், அதாவது பிணத்துக்குச் சுத்துற துணி. உயரமான தொப்பிக்கு அர்த்தம் கல்லறைக்கல். அழகா இருக்குன்னு மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன் இவ்ளோ நாளா.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரூமியோட நீளமான கதைக் கவிதை 'மஸ்னவி'யோட முதல் புத்தகத்துல வர்ற கிளிக் கதை. வியாபாரி இந்தியாவுக்குக் கிளம்புறான். கூண்டுக்கிளி, அங்க இருக்கிற கிளிகளுக்கு என் நிலைமையைச் சொல்லுங்குது. சொன்னதும் அங்க ஒரு கிளி நடுங்கி விழுந்து செத்துப்போகுது. வியாபாரி திரும்பி வந்து சொல்றான், இதுவும் விழுந்துருது. அழுதுட்டே வெளிய தூக்கிப் போடுறான், கிளி ஜம்முனு பறந்து மரக்கிளையில உக்காருது! செத்தமாதிரி கிட, விடுதலை கிடைக்கும்னு அந்தக் கிளி நடிச்சே காட்டியிருக்கு. சூஃபிங்க சொல்ற 'சாவுறதுக்கு முன்னாடியே செத்துடு' இதுதான். ஆனா நடுவுல ரூமி கதையை அப்படியே விட்டுட்டு எங்கெங்கயோ போயிருவாரு. எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல, தாண்டித் தாண்டித்தான் படிச்சேன்.

அட, தர்வேஷ்ல ஒண்ணு விட்டுட்டேன். மேல ஒரு கறுப்பு அங்கி இருக்கும், அதுதான் கல்லறை. அதைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் சுத்தவே ஆரம்பிப்பாங்க.

கிளிக்கு வர்றேன். உன் குரல்தான் உன்னைக் கூண்டுல வச்சிருக்குன்னு அந்த இந்தியக் கிளி சொல்லாமச் சொல்லுச்சாம். வாரம் ரெண்டு வீடியோ போடுற என்கிட்டயா இதைச் சொல்றது?

கப்புல இப்ப பேனா போட்டு வச்சிருக்கேன்.