நாற்காலியில் உட்காரத் தெரியாதவன்

(ஊழியத்துக்குப் புறப்படும் இளைஞர்களை வழியனுப்பும் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், முன்வரிசையில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தாழ்மையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக ஒருவனை மேடையேற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, நானூறு பேரை அவன் முகத்தைப் பார்த்து உட்கார வைப்பது வேடிக்கைதான். 'எளிய ஊழியன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவரின் பெயர்தான் நோட்டீசில் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும். அதை நானும் செய்திருக்கிறேன். அதனால் தாழ்மை என்னிடம் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. அது இல்லாமல் போய் எங்கெங்கே முட்டிக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பாஷை தெரியாத ஊர், இரண்டு வருஷம், கூடவே ஒரு சக ஊழியன். கஷ்டங்களுக்குத் தயாராகத்தான் போனேன். கதவைச் சாத்துவார்கள், கேலி செய்வார்கள், வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், எல்லாம் தெரியும். உண்மையில் அதெல்லாம் சுலபம். ஒருவர் முகத்தில் அடித்தமாதிரி கதவைச் சாத்தினால், உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வரும். ஆகா, சத்தியத்துக்காகப் பாடுபட்டோம் என்று! அன்று ராத்திரி வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் அது நன்றாக இருக்கும்.

என்னைத் தோற்கடித்தது பாத்திரம் கழுவும் தொட்டி.

சக ஊழியன் என்னைவிட மூன்று வயது இளையவன். நல்ல பையன்தான், ஆனால் சாப்பிட்ட தட்டை ஊறப் போட்டுவிட்டுப் போய்விடுவான். 'ஊறட்டும் அண்ணே' என்பான். அது காலைவரை ஊறும். ஈரத் துண்டு என் நாற்காலியின் முதுகில் தொங்கும். ஜெபத்துக்கு எழுப்பினால் 'இதோ' என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பான். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? என் ஜெபக் குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் கணக்கு எழுதினேன். இடது பக்கம் என் பெயர், வலது பக்கம் அவன் பெயர். பாத்திரம் கழுவினால் ஒரு கோடு, தரை துடைத்தால் ஒரு கோடு. நான் பதினொன்று, அவன் நாலு. முன்பக்கத்தில் அவனுக்காக ஜெபம், பின்பக்கத்தில் அவன்மேல் வழக்கு. ஒரே நோட்டு.

ஒரு நாள் அவன் பேனா தேடும்போது அந்தப் பக்கம் திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் பார்த்தான். கோபப்படவில்லை. 'அண்ணே, உங்களுக்குக் காய்ச்சல் வந்து படுக்கையிலேயே வாந்தி எடுத்த ராத்திரி, அதை எதில் எழுதியிருக்கீங்க?' என்று கேட்டான். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தேடினான்.

எழுதியிருக்கவில்லை. அந்த ராத்திரி மூன்று தடவை அவன் விரிப்பு மாற்றினான், வாளி கொண்டுவந்தான், நெற்றியில் துணி நனைத்துப் போட்டான். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் கோடு போடத் தோன்றவே இல்லை. நான் கொடுத்தது மட்டும்தான் என் கண்ணுக்குக் கணக்காகத் தெரிந்திருக்கிறது. வாங்கியது கணக்கிலேயே ஏறவில்லை.

அதற்கப்புறம்தான் லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தை வேறு மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்புகிறார். நாம் 'அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம்' என்ற வசனத்தில் நின்றுவிடுகிறோம். அடுத்து வருவதைப் பாருங்கள்: பணப்பை வேண்டாம், சாமான்பை வேண்டாம், பாதரட்சை வேண்டாம். உங்கள் முன் வைப்பதைச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வீடு மாறாதீர்கள். அதாவது, இதைவிட நல்ல வசதி அடுத்த வீட்டில் கிடைக்குமா என்று பார்க்காதீர்கள். கொடுக்கப் போகிறவர்களை வெறுங்கையாக அனுப்புகிறார்! போய்ச் சேரும் முதல் நாளே யாரோ முன்பின் தெரியாதவரின் தயவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடாகவே இருக்கிறது. காசு தீர்ந்துபோய் வந்த விபத்து இல்லை அது.

அவர்கள் திரும்பி வந்ததும் முதலில் என்ன சொன்னார்கள்? 'பிசாசுகளும் எங்களுக்குக் கீழ்ப்படிகிறது.' அவர்களுடைய ஊழிய அறிக்கையே அப்படித்தான் இருந்திருக்கிறது, நம்முடையதைச் சொல்ல வேண்டுமா? அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. எந்த வீட்டில் தங்கினார்கள், யார் அவர்களுக்குப் பாய் விரித்தார்கள் என்பது அறிக்கையில் இல்லை.

பாஷை விஷயத்தில் எனக்கு விழுந்த அடி இன்னொன்று. ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு வீட்டில் உருக்கமாக ஜெபம் செய்தேன், கண்ணை மூடிக்கொண்டு, குரலை இறக்கி. நடுவில் ஒரு சிரிப்புச் சத்தம். அந்த வீட்டுச் சின்னப் பெண், ஆறு வயதிருக்கும், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். 'எங்கள் பாவத்தை மன்னியும்' என்பதற்கு நான் சொன்ன வார்த்தைக்கு, கொஞ்சம் இழுத்துச் சொன்னதால், 'எங்கள் செருப்பை மன்னியும்' என்று அர்த்தமாகிவிட்டதாம். அம்மா அவளை அதட்டினாள். எனக்குக் காது சுட்டது. அடுத்த வாரம் போனபோது, அவளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த வார்த்தையைப் பத்துத் தடவை சொல்ல வைத்தாள். எட்டாவது தடவை சரியாக வந்தது. இன்னும் இரண்டு தடவை சொல் என்றாள்.

தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கை அப்போது நினைத்துக்கொண்டேன். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கியவர். கூட வந்தவர் புளுட்சோ. அவர்களும் இரண்டு பேர்தான். சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய 24. பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்த மனிதர் என்ன செய்தார் என்றால், ஒரு வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். ஒன்பது வருஷம் கழித்து, 1715-ல், அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. நாம் எப்போதும் பேசுவது அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான். எனக்கு அந்த மணல்தான் பிடித்திருக்கிறது. போதிக்க வந்தவருடைய 'அ'வை ஏதோ ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, கோணலாக இருக்கிறது என்று நினைத்திருக்கும் அல்லவா?

சரி, நாற்காலிக்கு வருகிறேன்.

ஒரு வயதான அம்மா, தனியாக இருந்தார். நாங்கள் வாரம் ஒருமுறை போவோம். வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி, ஒரு கால் கொஞ்சம் ஆடும். போனதும் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டு, 'உட்காருங்க' என்பார். நான் ஒவ்வொரு தடவையும் மறுத்தேன். 'வேண்டாம்மா, நீங்க உட்காருங்க, நான் தரையிலேயே இருக்கேன்.' தரையில் உட்காரும்போது என்ன ஒரு நிம்மதி, எவ்வளவு பணிவான பிள்ளை நான் என்று! நாலைந்து வாரம் இப்படிப் போனது. அந்த அம்மாவும் நாற்காலியில் உட்காரமாட்டார். அது காலியாகவே நடுவில் நிற்கும், நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றித் தரையில்.

ஒரு தடவை வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: 'அண்ணே, அவங்ககிட்ட கொடுக்கிறதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு. அதையும் வேண்டாங்கிறீங்களே.'

தட்டை ஊறப் போடுகிறவன்தான் சொன்னான்.

இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வந்தபோது பேதுருவும் இப்படித்தான். 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது' என்றார். கேட்பதற்கு எவ்வளவு பணிவு! கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று இயேசு சொன்னதும், அப்படியானால் கையையும் தலையையும் சேர்த்துக் கழுவும் என்கிறார். இரண்டு தடவையும் எவ்வளவு, எப்படி என்று அவரே தீர்மானிக்கிறார், பாருங்கள். காலைச் சும்மா நீட்டிக்கொண்டு இருப்பது அவ்வளவு கஷ்டம். யார் காலையாவது கழுவச் சொன்னால் நான் உடனே துண்டைக் கட்டிக்கொள்வேன். என் காலை ஒருவர் தொடப் போனால் கூசுகிறது. அந்தக் கூச்சத்துக்குத் தாழ்மை என்று பெயர் வைத்திருந்தேன். பெரும்பகுதி அது கர்வம். கடன்பட மாட்டேன் என்கிற கர்வம்.

அடுத்த வாரம் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆடியது. அந்த அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்து, முதல் முறையாக, தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று நான் கொண்டுபோன பாடத்தைத் திறக்கவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அறிக்கையில் 'பாடம் நடக்கவில்லை' என்றுதான் எழுதினோம்.

நாளைக் காலை ஐந்து மணிக்கு வண்டி என்று சொன்னார்கள். பைகளைக் கட்டிவிட்டீர்களா? போய் இறங்கும் இடத்தில் யாராவது ஓடிவந்து பையை வாங்கக் கையை நீட்டுவார்கள். உங்களைவிட வயதானவராகக்கூட இருப்பார். கொடுத்துவிடுங்கள்.