வேதவாசிப்பு எதற்காக?

அன்பான சபையோரே,

நம் குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில், புத்தாண்டு ஆராதனையில் பெற்ற வாக்குத்தத்த அட்டை ஆண்டு முழுவதும் சுவரில் இருக்கிறது. அவற்றில் அடிக்கடி காணப்படும் வசனம், உங்களைக் குறித்த என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11. அதில் ஆறுதல் தேடுவது தவறன்று. ஆனால், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதத்தின் ஒரு வரி அது. அதற்கு முந்திய வசனம் விடுதலைக்கு எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. ஏழாம் வசனமோ, அவர்கள் சிறையிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடவும் அதற்காக ஜெபிக்கவும் கட்டளையிடுகிறது. வாக்குத்தத்தத்தைச் சுவரில் மாட்டிய நாம், கட்டளையை வாசித்தோமா?

வேதவாக்கியம் உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்கவும் பயன்படும் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதினார். இந்த நான்கில் இரண்டு நம்முடைய தவறுகளைக் குறித்தவை. ஆறுதலுக்காக மட்டுமே வேதத்தைத் திறக்கிறவர், அந்த இரண்டையும் தாமே மூடிவைக்கிறார். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24-ஆம் அதிகாரம். அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. ரப்பர் தோட்டமோ முந்திரி ஆலையோ வைத்திருக்கும் ஒருவர், இரவில் குடும்ப ஜெபத்தில் இப்பகுதியை வாசித்துவிட்டு, பால் வெட்டியவருக்கும் பருப்பு உடைத்த பெண்ணுக்கும் தர வேண்டியதைத் தராமல் நிம்மதியாக உறங்கினால், அந்த வாசிப்பு அவருக்குள் என்ன செய்தது?

நம் முன்னோர் இப்படி வாசிக்கவில்லை. 1809-இல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பிய காலத்தில், இப்பகுதியின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வி எட்டாததாயிருந்தது. சபைகளோடு தோன்றிய பள்ளிகளில் எழுத்தறிந்தவர்கள், மனிதர் யாவரும் தேவசாயலாகப் படைக்கப்பட்டவர்கள் என்பதைத் தங்கள் கண்ணாலேயே வாசித்தார்கள். மேலாடை அணிந்து தோளை மறைக்கும் உரிமைக்காக அம்மக்களின் பெண்கள் துன்பங்களைச் சகித்து நின்றதற்கும், 1859-இல் திருவிதாங்கூர் அரசு அதற்கு இணங்கி அறிவிப்பு வெளியிட்டதற்கும் பின்னால் அந்த வாசிப்பும் இருந்தது.

ஆகவே இன்றிரவு குடும்ப ஜெபத்தில் ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். வாசித்தபின், இதன்படி நாளைக்கு நம் வீட்டில் எது மாற வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டபின் ஜெபியுங்கள்.