சங்கும் மூடியும்

வணக்கம். செங்கோட்டையில இருந்து இந்த ரேடியோ நிலையத்துக்கு, வைட்டமின் டானிக்கைப் பத்திப் பேச வந்திருக்கேன். முப்பது வருசத்துக்கு மேல அரசு ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு உள்ளே நின்னவ. கியூவுல நிக்கிறவங்க முகத்தைப் பார்த்தே என்ன கேக்கப் போறாங்கன்னு சொல்லிருவேன். "மாத்திரை சூடும்மா, டானிக்கா குடுங்க." புளியரைக்காரங்களும் அதையேதான் கேப்பாங்க. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவுல இருந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்க மலையாளம் கலந்து அதையே கேப்பாங்க.

டானிக்னா உடனே உடம்புல ஒட்டும்னு ஒரு நம்பிக்கை. மாத்திரை வயித்துல கரையணும், டானிக் ஏற்கனவே கரைஞ்சிருக்கு. அது வாஸ்தவம்தான். ஆனா மேல்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிசத்துக்குள்ள உடைஞ்சு உதிரணும்னு மருந்து விதியே இருக்கு. அந்தக் கால் மணி நேரம் முந்திப் போறதுல தலைவலிக்கு வேணா லாபம் இருக்கலாம். வைட்டமின் குறைச்சல் வாரக்கணக்கில, மாசக்கணக்கில சரியாகிற விசயம். கஞ்சி குடிச்சவன் சோறு தின்னவனை விடச் சீக்கிரம் சதை போட்டான்னு எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

அப்போ டானிக்கே வேண்டாமான்னு கேட்டா, அப்படி இல்லை. கைக்குழந்தைக்கு மாத்திரை குடுக்க முடியாது. பல்லு போன தாத்தா, தொண்டையில மாத்திரை நிக்குதுன்னு பயப்படுற ஆச்சி, மூக்கு வழியா குழாய் போட்டிருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் திரவம்தான் தோது. பக்கவாதம் வந்தவங்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்குங்க, தண்ணி மாதிரி இருக்கிறது சில பேருக்குப் புரையேறும். இன்னொரு வசதி, அரை மில்லி, ஒரு மில்லின்னு வயசுக்குத் தக்கன கூட்டலாம், குறைக்கலாம். மாத்திரையை அப்படிச் செய்ய முடியாது.

அந்த வசதியிலதான் வினையும் இருக்கு. மாத்திரைன்னா அளவு கம்பெனியிலயே முடிஞ்சு போச்சு. டானிக்னா அளக்க வேண்டியது நம்ம கை. இதைச் சொல்லத்தான் வந்தேன், இதையே ரெண்டு மூணு தடவை சொன்னாலும் கோவிச்சுக்காதீங்க.

ஒரு ஆச்சி. பேரு வேண்டாம். மகன் புனலூர்ல வேலை. பேத்தி பிறந்து ஒன்றரை மாசம், டாக்டர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதியிருக்காரு, தினம் 1 மில்லி, அதாவது 400 யூனிட் (யூனிட்ங்கிறது வைட்டமினோட பலத்தை அளக்கிற கணக்கு). குப்பி 15 மில்லி. அப்போ எத்தனை நாளைக்கு வரணும்? பதினஞ்சு நாள். ஆச்சி மூணாம் நாள் காலையில காலிக் குப்பியோட வந்து நிக்காங்க.

"என்ன ஆச்சி, கொட்டிப் போச்சா?"

"கொட்டல தாயீ, பிள்ளை குடிச்சிட்டா."

எனக்குப் பகீர்னுச்சு. எதுல குடுத்தீங்கன்னு கேட்டேன். சேலை முந்தியை அவுத்து எடுத்துக் காட்டுறாங்க, வெள்ளிச் சங்கு! பாலாடைன்னு சில ஊர்ல சொல்லுவாங்களே, அது. அவங்க மகனுக்கு அதுலதான் கிரைப் வாட்டர் குடுத்தாங்களாம், மகனுக்கு அவங்க மாமியாரு விளக்கெண்ணெய் குடுத்ததும் அதுலதானாம். குப்பியோட வந்த சொட்டுக் குழாயை என்ன செஞ்சீங்கன்னா, "பிளாஸ்டிக்கைப் பிள்ளை வாயில வைக்கலாமான்னு தூரப் போட்டுட்டேன்"ங்காங்க. சங்குல தண்ணி ஊத்தி அளந்து பார்த்தோம். ஏழரை மில்லி. ரெண்டு நாள், ரெண்டு சங்கு, குப்பி காலி. கணக்கு அப்படியே வந்துச்சு.

பிள்ளையை டாக்டர் பார்த்தாரு, ரெண்டே நாள்ங்கிறதால ஒண்ணும் ஆகலை. அதுவே மாசக்கணக்கில போயிருந்தா? பி, சி வைட்டமின்கள் மிஞ்சினா பெரும்பாலும் ஒண்ணுக்குல போயிரும். பி காம்ப்ளெக்ஸ் எடுத்தா மஞ்சளாப் போகுதே, நாம காசு குடுத்து வாங்கின பி2 தான் அது. ஏ, டி அப்படிப் போகாது, உடம்புலயே சேரும். டி மிஞ்சினா ரத்தத்துல கால்சியம் ஏறும், வாந்தி வரும், மலம் இறுகும், சிறுநீரகம் கெடும்.

இதுல இன்னொண்ணு. அடுத்த குப்பியை மகன் புனலூர்ல வாங்கி அனுப்பினாரு. எடுத்துப் பார்த்தா ஒரு மில்லிக்கு 800 யூனிட். முந்தினது 400. ரெண்டு பலத்துலயும் கடையில கிடைக்கும். 1 மில்லின்னு மனப்பாடமாக் குடுத்தா இரட்டிப்பாப் போயிரும். அதனால குப்பி மாறினா, கடை மாறினா, எழுத்தைப் படிங்க. படிக்கத் தெரியலைன்னா ஜன்னல்ல கேளுங்க, அதுக்குத்தான் அங்க ஆள் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக் கரண்டிகளை எல்லாம் எடுத்து வச்சு அளந்தேன். எங்க வீட்டுக்காரர், "என்ன, பாத்திரக்கடை போடப் போறியா"ன்னு சிரிச்சாரு. டீ ஸ்பூன்னா 5 மில்லின்னு கணக்கு. எங்க வீட்டுல ஒண்ணு மூணரை பிடிச்சுது, ஒண்ணு ஏழு. ஒரே அலமாரி! அதான் சொல்றேன், மருந்தோட வந்த அளவு மூடி, மருந்தோட வந்த சொட்டுக் குழாய். வேற எதுவும் வேண்டாம். மூடி தொலைஞ்சா ஊசி இல்லாத சிரிஞ்சு ஒண்ணு வாங்கிக்குங்க.

அரசாங்கத்துல வைட்டமின் ஏ குடுக்கிறதைப் பாருங்க. 9 மாசத்துல 1 மில்லி, அது ஒரு லட்சம் யூனிட். பிறகு ஒன்றரை வயசு வாக்குல இருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை 2 மில்லி, 5 வயசு வரைக்கும். அதுக்குன்னே ஒரு கரண்டி இருக்கு. நர்சம்மா அதைத் தவிர வேற எதுலயும் ஊத்த மாட்டாங்க. குப்பியைத் திறந்த தேதியை அதும்மேலயே எழுதி வைப்பாங்க. நம்ம வீட்டு டானிக்குல எத்தனை பேர் தேதி எழுதுறோம்?

எங்கம்மா காலத்துல இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, மீனெண்ணெய்தான். ரெண்டாம் உலகப் போர்க்காலத்துல சீமையில இருந்து எண்ணெய் வர்றது நின்னு, கோழிக்கோட்டுல சுறா ஈரல்ல இருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. மூக்கைப் பிடிச்சு வாயில ஊத்துவாங்கன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க. அந்த நாத்தத்துல ரெண்டாவது ஸ்பூன் யாரும் கேக்க மாட்டாங்க. இப்போ ஆரஞ்சு வாசனை, பிள்ளை தானே எடுத்துக் குடிக்குது. எட்டாத உயரத்துல வைங்க.

இனிப்புன்னதும் ஞாபகம் வருது, சக்கரை நோய்க்காக டீயில சீனியை நிறுத்தின அண்ணாச்சி ஒருத்தர் ரெண்டு வேளையும் டானிக் குடிச்சுக்கிட்டிருந்தாரு. சிரப்புக்கு அடிப்படையான பாகுல எடையில மூணுல ரெண்டு பங்கு சீனி. சீனி இல்லாததுன்னு விக்கிறதுலயும் சார்பிட்டால்ங்கிற இனிப்பு இருந்தா சில பேருக்கு வயித்தால போகும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறாங்க, நேரம் ஆயிருச்சாம். குப்பி காப்பி நிறத்துல இருக்கிறதே பி2வை வெளிச்சம் கெடுக்காம இருக்கத்தான், அதனால ஜன்னல் ஓரமா வைக்காதீங்க. குலுக்கணும்னு போட்டிருந்தா குலுக்குங்க, இல்லைன்னா அடியில சத்து தங்கிரும். இரும்புச் சத்து டானிக் பல்லுல கறை பிடிக்கும், குடுத்ததும் வாய் கொப்பளிக்க வைங்க, டீயோட குடுக்காதீங்க. அதைக் குடிக்கையில மலம் கறுப்பாப் போனா பெரும்பாலும் அது இரும்பாலதான், பயப்பட வேண்டாம். வணக்கம்.