லாரி கிளம்பிய பிறகு ஒரு சுற்று

நேயர்களுக்கு வணக்கம்.

மாற்றலாகிப் போகும் உத்தியோகத்தில் 34 வருஷம் இருந்தவள் நான். 11 வீடு மாறியிருக்கிறேன். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்பார்கள். மாற்றல் உத்தரவு பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது?

நகை, பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் இதையெல்லாம் நாங்கள் ஒருநாளும் விட்டுவிட்டு வந்ததில்லை. அவை என் மடியிலேயே வந்துவிடும். விட்டுப்போனதெல்லாம் தினம் கண்ணில் பட்டுப் பட்டுப் பழகிப்போன சாமான்கள்தான். குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டு. பால் பாக்கெட் போட கேட்டில் மாட்டிய பை. கோவில்பட்டியிலிருந்து தர்மபுரிக்குப் போனபோது, துணி கட்டி மொட்டைமாடி வெயிலில் வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. புது வீட்டில் தயிர்சாதம் பிசைந்து உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

பரணைக் கீழே நின்று பார்த்தால் காலியாகத்தான் தெரியும். ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடித்து, உள்மூலை வரை கைவிட்டுத் துழாவ வேண்டும். கொலு பொம்மைப் பெட்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான் இறங்கும். சித்திரையில் வீடு மாறுகிறவர்களுக்கு அது எங்கே நினைவுக்கு வரப்போகிறது!

முன்பக்கம் துணி போடுகிற வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷினை மாட்ட வந்தவர் பின்பக்கத்திலிருந்து நீளமான போல்டுகளைக் கழற்றிக் கொடுத்திருப்பார். அதை எந்த டிராயரில் போட்டீர்கள் என்று இன்றைக்கே தேடுங்கள். திரும்ப மாட்டாமல் லாரியில் ஏற்றினால் உள்ளே டிரம் ஆடி அடிபடும்.

விட்டுவிட்டுப் போக வேண்டியதை மூட்டை கட்டிவிடுவதும் உண்டு. வேறு ஊருக்குப் போகிறவர்கள் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கேஸ் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்க வேண்டும். அவர்கள் தரும் சீட்டைக் காட்டித்தான் புது ஊரில் இணைப்பு வாங்க முடியும். நான் ஒருமுறை ரெகுலேட்டரை அடுப்போடு சேர்த்து லாரியில் அனுப்பிவிட்டு, ஏஜென்சியில் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வெளியே இருக்கும் நம் சாமான் வேறு. டெய்லரிடம் ரவிக்கை, இஸ்திரிக்காரரிடம் நாலு சட்டை, நூலகத்துப் புத்தகம். இரண்டு நாள் முன்பே ஒரு நடை போய் வாங்கிவிடுங்கள், கொடுத்துவிடுங்கள்.

லாரியோடு என் கணவர் போவார். நான் பின்தங்கிவிடுவேன். வாசலிலிருந்து வலதுகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஒரு சுற்று. அலமாரி, ஷெல்ஃப் எதுவானாலும் திறந்து பார்த்து, திறந்தபடியே விட்டுவிடுவேன். மூடியிருக்கும் கதவு இன்னும் பார்க்காத கதவு என்று கணக்கு. கடைசியாக ஒரு பெருக்கு. எட்டாவது வீட்டில், மூன்று மாதமாகத் தேடிய கம்மல் திருகு குப்பையோடு வந்து முறத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு சாவியை ஒப்படைக்கலாம்.

அந்தத் தர்மபுரி மாற்றலில் இன்னொன்றும் நடந்தது. மூட்டையைப் பிரித்தால் ஒரு எவர்சில்வர் தூக்கு. விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்த பெயர் எங்களுடையது இல்லை. எதிர்வீட்டு அக்கா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பிய தூக்கு. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாதே என்று வைத்திருந்தது, எங்களோடு வந்துவிட்டது.

ஒன்றரை வருஷம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. தூக்கு நிறைய முறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். திரும்பி வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு ஜாடியை என் முன்னால் வைத்தார்கள்.

“இந்தாம்மா உன் ஜாடி. ஊறுகாய எதிர்பாக்காத.”

வணக்கம்.